மூக்கரும் கத்தரிப்பூ நிறப் போர்வையும்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கிடங்குப் பொறுப்பாளருக்கு முறைப்படி ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் மாதம் ஒரு தடவை அதை எழுதுவார். மற்றபடி அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. ஊருக்கெல்லாம் அவர் மூக்கர்தான்.

முகத்தை முந்திக்கொண்டு வரும் பெரிய மூக்கை எதிர்பார்த்து வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் ஏமாந்து போவார்கள். சப்பை மூக்கு. கண்ணாடி அதில் நிற்பதற்கே சிரமப்படும். ஆனால் மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கிடங்கிலிருந்து முந்நூறு அடி தள்ளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கிளாஸைக் கீழே வைத்து, "நாலாம் நம்பர்" என்று சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தார். போய்ப் பார்த்தால் நாலாம் நம்பர் உருளையின் வால்வு கசிந்துகொண்டிருந்தது. அபாய மணி அடித்தது அதற்கு ஐந்து நிமிடம் கழித்து. அன்றிலிருந்து அந்த மணிக்கு மரியாதை போய்விட்டது. புதிதாக வரும் பொறியாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: "சார், மணி அடிச்சா பயப்படாதீங்க, அது சும்மாவும் அடிக்கும். மூக்கர் எழுந்து ஓடினா நீங்களும் ஓடிருங்க."

அவர் காவல் காத்தது குளோரினை. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்க அதில் துளித்துளியாகக் கலப்பது. துளியாக இருக்கும்வரை உயிர்காக்கும் பொருள்; மொத்தமாக வெளியே வந்தால் உயிரெடுக்கும் பொருள். உருளை ஒன்றுக்கு ஒரு டன். அப்படிப் பதினான்கு உருளைகள், தொழுவத்து எருமைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். குளோரின் காற்றைவிடக் கனம். மேலே பறக்காது, தரையோடு ஊர்ந்துதான் வரும். அதனால்தான் கிடங்கின் காற்றுத் துவாரங்களை ஆள் உயரத்தில் வைக்காமல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தார்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. எழுபது வீடுகள். ஒன்பதாவது வீடு மூக்கருடையது.

வீட்டில் அந்த மூக்கு பெரிய தொல்லை. கதவைத் திறந்து உள்ளே வரும்போதே, "எண்ணெய் டப்பாவ மூடல", "யாரோ புதுச் செருப்போட வந்துட்டுப் போயிருக்காங்க", "அத்தை முட்டிக்குத் தைலம் போட்டுருக்காங்க, அதுவும் ரெண்டு தடவ" என்று அடுக்குவார்.

"இந்த வீட்ல மனுஷி ஒரு ரகசியம் வெச்சுக்க முடியுதா?" என்று மனைவி அலுத்துக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு அலுப்பும் உண்டு. மூக்கருக்கு எந்தக் கலரில் சட்டை எடுத்தாலும் ஆறே மாதத்தில் அது வெளுத்து, யாரோ தானமாகக் கொடுத்த சட்டை மாதிரி ஆகிவிடும். கிடங்குக் காற்றின் வேலை. ஈரத்துணி என்றால் இன்னும் சீக்கிரம். கல்யாணமான இரண்டாம் வருடமே அந்த அம்மாள் கலர் சட்டைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வெள்ளைத் துணியாக வாங்க ஆரம்பித்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எல்லைக்கு அப்பால் சண்டை மூண்டது. முதலில் அது செய்தித்தாளில் மட்டும் நடந்தது. பிறகு ஒரு நாள் அங்கே ஒரு ரசாயனக் கிடங்கின் மேல் ஆளில்லா விமானம் ஒன்று விழுந்தது. விமானத்தில் இருந்த குண்டு சின்னதுதானாம். கிடங்கில் இருந்ததுதான் பெரியது. மூன்று ஊர் ஜனங்கள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். செய்தியைப் படித்த மூக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரி குண்டு தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம், நாமே காசு கொடுத்து வாங்கி, வரிசையாக அடுக்கி, மேலே மண்டை ஓட்டுப் படமும் ஒட்டி வைத்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அரசாங்கத்துக்கும் அதே யோசனை வந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே தலைமையகத்திலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினார். விறைப்பான ஆள். "திட்டப்படி" என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியமே ஆரம்பிக்காது. திட்டப்படி காலை வணக்கம் சொல்வார், திட்டப்படி தும்முவார். இரண்டாம் நாளே ஊழியர்கள் அவருக்குத் திட்டக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திட்டக்காரர் முதலில் கை வைத்தது அபாய மணியில். வழக்கமான சோதனைக்காக அதை அடித்தபோது, ஊர் அதை விமானத் தாக்குதல் சங்கு என்று நினைத்துவிட்டது. பாதி ஊர் கட்டிலுக்கடியில் புகுந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு ஓடினார்; அந்த மனிதர் மறுநாள்வரை வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அலைந்தார். அதனால் மணியின் வயர்கள் பிடுங்கப்பட்டன.

"அப்ப கசிவு வந்தா எப்படி சார் தெரியும்?" என்று பொறியாளர் கேட்டார்.

திட்டக்காரர் மூக்கரின் தோளில் கையைப் போட்டார். "திட்டப்படி இவர் மூக்கு இருக்குல்ல. கரெண்ட் போனாலும் வேலை செய்யும். எதிரியால வயரை அறுக்க முடியாது. இந்த ஊரே உங்க மூக்கை நம்பித்தான் இருக்கு, தெரியுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கர் எதையோ சொல்வதற்காக வாயைத் திறந்தார். யாரோ அந்த நேரம் பார்த்துப் புகைப்படம் எடுத்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சொல்ல வந்தது இதுதான். அந்த மூக்கு செத்துப்போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

ஒரு வாரக் காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் விட்ட காலையில் சோப்பை எடுத்தார். கல்லை எடுத்த மாதிரி இருந்தது. வெங்காயத்தை நறுக்கினார், கண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. கடைசியாக மாமியாரின் தைல டப்பா. அந்தத் தைலத்துக்குப் பயந்து தெருப்பூனைகளே எட்டாவது வீட்டோடு திரும்பிப் போய்விடும். யாரும் இல்லாத நேரம் பார்த்து டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே நுழைத்தார். ஒன்றுமே இல்லை. நிமிர்ந்தால் மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. தீந்துபோச்சான்னு பாத்தேன்."

"மூக்குல ஒட்டியிருக்கு பாருங்க" என்று சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டு போனார் அந்த அம்மாள். அன்றிலிருந்து டப்பா அவர் தலையணைக்கடியில் போய்விட்டது.

மனைவியிடம்கூட மூக்கர் வாயைத் திறக்கவில்லை. பாடகனுக்குக் குரல் போனால் எல்லோரிடமும் சொல்லி அழலாம். மூக்கு போனதை எப்படிச் சொல்வது? நாலைந்து நாளில் திரும்பிவிடும் என்று நினைத்தார். அதற்குள் நாட்டின் பாதுகாப்பே அந்தச் சப்பை மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனிமேல் எப்படிச் சொல்வது?

அவரிடம் மிச்சமிருந்த ஒரே துணை ஒரு குச்சி. நுனியில் பஞ்சு சுற்றி, அதை அம்மோனியாவில் நனைத்து, உருளைகளின் வால்வுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். குளோரின் கசிந்தால் பஞ்சைச் சுற்றி வெள்ளைப் புகை கிளம்பும். இத்தனை வருடமாக அந்தக் குச்சியை அவர் சீந்தியதில்லை, மூக்கில்லாதவன் பிழைப்பு என்று கேலி பேசியிருக்கிறார். கேலி பேசிய வாயால் இப்போது அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குச்சியைத் தூக்கிக்கொண்டு பதினான்கு உருளைகளையும் சுற்றினார். புகை வரவில்லை என்றால் ஒரு பெருமூச்சு விடுவார், அடுத்த ஒரு மணி நேரம் உயிரோடு இருப்பார்.

இதற்கிடையில் திட்டக்காரரின் மூளை ஓய்ந்திருக்கவில்லை. மேலிருந்து பார்க்கிற எதிரியை ஏமாற்ற வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கிழக்கு மூலையில் உடைந்த நாற்காலிகளும் காய்ந்த பெயின்ட் டப்பாக்களும் போட்டு வைத்த ஒரு பழைய கொட்டகை இருந்தது. மண்டை ஓட்டுப் பலகைகள் எல்லாம் அங்கே குடிபெயர்ந்தன. சுற்றி முள்வேலி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். உள்ளே இருப்பது உடைந்த நாற்காலி என்று அந்தக் காவலர்களுக்குச் சொல்லவில்லை. ரகசியம் என்றால் எல்லோருக்கும்தான் ரகசியம். அவர்கள் பாவம், பெயின்ட் டப்பாவுக்கு நடுங்கிக்கொண்டு, வீட்டுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் இருந்த வரைபடத்தையும் திட்டக்காரரே நேரில் போய் மாற்றிவிட்டு வந்தார்.

உண்மையான கிடங்கைச் சுற்றி மேலும் கீழுமாகக் கொடி கட்டச் சொன்னார்.

"துணி காயப் போடறதுக்கு" என்றார். "திட்டப்படி, துணி காயற இடத்துல மனுஷங்க குடியிருக்காங்கன்னு அர்த்தம். மனுஷங்க குடியிருக்கற இடத்துல யாராவது ஆபத்தான பொருளை வெப்பாங்களா? எதிரி ஏமாந்துருவான்."

சுவருக்கு அந்தப் பக்கம் எழுபது வீட்டிலும் துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. மூக்கர் அதை எண்ணிப் பார்த்தார். சொன்னால் திட்டத்தில் அதற்கு இடம் இருக்காது என்பதால் பேசாமல் கொடி கட்டப் போனார்.

முதலில் பன்னிரண்டு சீருடைகளைத் தொங்கவிட்டார்கள். மூன்றாம் நாள் திட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே துணி ஒரே இடத்தில் தினமும் தொங்கினால் எதிரி என்ன முட்டாளா? குடும்பத் துணியாக வேண்டும், தினமும் மாற வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும். கிடங்குக்குள் போகிற அனுமதிச் சீட்டு மூக்கருக்கு மட்டும்தான் இருந்ததால், அந்தப் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. உதவிக்கு இருந்த இரண்டு பேரையும் மணல் மூட்டை அடுக்க அனுப்பிவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, கொடி எங்கே கட்டியிருக்கிறது, காற்றுத் துவாரம் எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார். பிறகு, "நம்ம மாடில கொடி பத்தவே மாட்டேங்குது. நான் தினமும் மூட்டை கட்டித் தரேன்" என்றார்.

மறுநாள் காலையில் துவைத்துப் பிழிந்த மூட்டை தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கத்தரிப்பூ நிறப் போர்வை.

அந்தப் போர்வையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது மாமியாருடையது. ஒரு கடைத் திறப்பு விழாவில் குலுக்கலில் விழுந்தது. அறுபத்தெட்டு வருட வாழ்க்கையில் அந்த அம்மாளுக்கு விழுந்த ஒரே பரிசு. போர்வையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "ஆயிரத்தி நானூறு பேர்ல என் சீட்டு" என்றுதான் ஆரம்பிப்பார். நிறமென்றால் நிறம், அப்படி ஒரு அடர்த்தியான நிறம்.

"இந்தப் போர்வைய மட்டும் மேல போடாதீங்க" என்றார் மனைவி. "கீழ்க்கொடில, அந்தக் காத்துத் துவாரத்துக்கு நேரா, ஓரம் தரைய ஒட்டித் தொங்கற மாதிரி போடுங்க. நல்லா ஈரமா போடுங்க."

"அங்க ஏன்?"

"அங்கதான் நிழல். சாயம் போகாது."

தினமும் இதே பாட்டு. மற்ற துணிகளை எங்கே போட்டார் என்று அந்த அம்மாள் கேட்டதே இல்லை. போர்வையை மட்டும் சாயங்காலம் வந்ததும் கேட்பார்: "கீழ்க்கொடிலதானே போட்டீங்க? துவாரத்துக்கு நேராத்தானே?" அம்மாவின் போர்வை என்றால் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று மூக்கர் நினைத்துக்கொண்டார்.

மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "தினமும் தோய்க்கறதுக்கு அது என்னடி தரை துடைக்கற துணியா?"

"நாட்டுக்காகம்மா."

"நாட்டுக்கு வேற போர்வை கிடைக்கலையா?"

இப்படிப் பதினெட்டு நாள் ஓடியது. மூக்கர் காலையில் துணி காயப் போட்டார், குச்சியோடு சுற்றினார், சாயங்காலம் துணி மடித்தார். கிழக்குக் கொட்டகைக் காவலர்கள் அவர் போகும்போதும் வரும்போதும், "சார், இன்னைக்கு வாசனை ஏதாவது வருதா?" என்று கலவரத்தோடு கேட்பார்கள். "ஒண்ணும் வரலப்பா" என்பார். அதில் பொய்யே இல்லை.

பத்தொன்பதாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து, அவசரத்தில் சுருட்டிக் கட்டிய மூட்டையை இறக்கினார். மாமியார் வழக்கம்போல முதலில் போர்வையை உருவினார், விரித்தார், அப்படியே நின்றார்.

போர்வையின் கீழ் ஓரம் ஒரு சாண் அளவுக்கு வெளுத்துப் போயிருந்தது. கத்தரிப்பூ இருந்த இடத்தில் பழைய காகிதத்தின் நிறம்.

"ஐயோ! என் போர்வை! ஆயிரத்தி நானூறு பேர்ல விழுந்த போர்வை! மாப்பிள்ள, எதுல முக்கினீங்க இத? சொல்லுங்க, எதுல முக்கினீங்க?"

"நான் ஒண்ணுலயும் முக்கல அத்தை. போட்ட இடத்துலதான் போட்டேன்..."

வாக்கியத்தை முடிக்காமல் அவர் அந்த வெளுத்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரத்துணி. தரையோரத் துவாரம். நாலரை மணிக்குத்தானே குச்சியோடு சுற்றினோம், புகை வரவில்லையே? வரவில்லைதான். ஆனால் போர்வை பொய் சொல்லாது.

அவர் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நிக்காதீங்க, ஓடுங்க. தெருவ நாங்க பாத்துக்கறோம்."

மூக்கர் ஓடினார். திரும்பிப் பார்த்தபோது மனைவி பத்தாவது வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமியார் வெளுத்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, "எல்லாரும் மாடிக்குப் போங்க! கீழ ஒருத்தரும் இருக்காதீங்க! பாருங்க என் போர்வைய!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஊர்ச் சங்குக்கு எழுந்திருக்காதவர்கள்கூட அந்தக் குரலுக்கு எழுந்து படியேறினார்கள்.

கிடங்கு வாசலில் பம்ப் ஓட்டுகிற இளைய ஊழியர் நின்றிருந்தார். மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். "என்ன அண்ணே, இப்ப ரொம்ப அடிக்குதே?"

"இப்பன்னா? எப்பேர்ந்து அடிக்குது?"

"காலைலேர்ந்து லேசா வந்துச்சு. எட்டிப் பாத்தேன். நீங்க அந்த இடத்துலயே நின்னு ஹாயா பனியன் உதறிக் காயப் போட்டுட்டு இருந்தீங்க. மூக்கரே சும்மா இருக்காரு, நம்ம மூக்குதான் சரியில்லன்னு போயிட்டேன்."

மூக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து. எழுபது வீட்டுப் பக்கமாக. இவர் சும்மா இருந்ததால் ஊரே சும்மா இருந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியை அம்மோனியாவில் நனைத்தார், வாசலிலேயே நீட்டினார். புகை வரவில்லை. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, புகை மட்டும் வரவில்லை. குச்சியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பாட்டிலைக் கொண்டுவந்து பம்ப் ஊழியரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாரு. பயப்படாம பாரு."

அவர் தயங்கித் தயங்கி மோந்தார். மறுபடி மோந்தார். "இது வெறும் தண்ணி மாதிரி இருக்கே அண்ணே."

ஆமாம், தண்ணீர்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து, மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்து வைத்து, பாட்டிலில் இருந்த காரமெல்லாம் எப்போதோ காற்றோடு போய்விட்டது. மூக்குள்ளவன் எவனும் அரை நொடியில் கண்டுபிடித்திருப்பான். மூக்கில்லாத மூக்கர் எத்தனையோ நாளாகத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உருளைகளுக்குக் காட்டி ஆறுதலடைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு மூக்கு செத்துப்போச்சு" என்றார். "ஒரு மாசம் ஆகப்போகுது. யார்கிட்டயும் சொல்லல. ஆய்வுக்கூடத்துல புது பாட்டில் இருக்கு, எடுத்துட்டு ஓடி வா. தீயணைப்புக்கும் போன் பண்ணு. இனிமே நீதான் எனக்கு மூக்கு."

பம்ப் ஊழியர் திறந்த வாயை மூட மறந்து ஓடினார். புது பாட்டில் வந்தது. இருவரும் முகமூடியோடு உள்ளே போனார்கள். பத்தாம் நம்பர்வரை ஒன்றுமில்லை. பதினொன்றின் அருகே குச்சியைக் கொண்டுபோனதும் பஞ்சைச் சுற்றிக் குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. வால்வின் கழுத்தில் இருந்த நட்டு தளர்ந்திருந்தது. மூக்கர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அந்தக் கைக்கு இருபத்தேழு வருடப் பழக்கம் இருந்தது. மூன்று நிமிடத்தில் நட்டு இறுகியது, புகை நின்றது. மறுபடி மறுபடி, ஏழு தடவை குச்சியைக் காட்டிப் பார்த்தபிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார்.

தீயணைப்பு வண்டி மின்னல் வேகத்தில் வந்தது. வரைபடத்தைப் பார்த்து நேராகக் கிழக்குக் கொட்டகைக்குப் போனது. உயிரைக் கொடுத்தாவது காப்பது என்று சபதம் செய்திருந்த காவலர்கள் இருவரும் அனுமதிச் சீட்டைக் கேட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் கதவைக் கேட்டார்கள். பெரிய வாக்குவாதம். கடைசியில் கதவை உடைத்து, உடைந்த நாற்காலிகளின் மேல் பத்து நிமிடம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பெயின்ட் டப்பாக்கள் மிதந்து வெளியே வருவதைப் பார்த்த காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

திட்டக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சபாஷ் மூக்கரே! திட்டப்படி உங்க மூக்கு கண்டுபிடிச்சிருச்சு!"

மூக்கர் எழுந்து நின்றார். "இல்ல சார். எங்க மாமியாரோட போர்வை கண்டுபிடிச்சுது. என் மூக்கு, நீங்க தோள்ல கை போட்டதுக்கு நாலு நாள் முன்னாடியே போயிருச்சு. சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா ஒண்ணு சார். எதிரிகிட்டேர்ந்து மறைக்கறேன்னு தீயணைப்புக்காரங்ககிட்டேர்ந்து மறைச்சோம், காவலர்கள்கிட்டேர்ந்து மறைச்சோம், மணிய வாயடைச்சோம். எதிரி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எழுபது வீட்டையும் நாமளே காலி பண்ணியிருப்போம்."

இருபத்தேழு வருடத்தில் அவர் மேலதிகாரியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. திட்டக்காரர் ஏதோ சொல்ல வந்தார், வாக்கியத்தை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே பலகைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. தீயணைப்பு நிலைய வரைபடம் திருத்தப்பட்டது. மணிக்கும் உயிர் வந்தது. ஊர் குழம்பாமல் இருக்க வேறு சத்தம் வேண்டுமென்று தேடியதில், லாரி பின்னால் வரும்போது பாடுகிற கருவி ஒன்றுதான் கிடைத்தது. இன்றைக்கும் அங்கே கசிவு வந்தால் முதலில் இரண்டு அடி நல்ல இசை கேட்கும். மூக்கர் சாவியைப் பொறியாளரின் மேசையில் வைத்தார். பொறியாளர் அதைத் திருப்பிக் கொடுத்து, மோந்து பார்க்கிற வேலைக்குப் பம்ப் ஊழியரையும் சேர்த்துப் போட்டார்.

ஆனால் இதெல்லாம் மறுநாள் கதை. அன்று மாலை ஏழு மணிக்கு மூக்கர் வீடு திரும்பியபோது தெரு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் இருமலைத் தவிர ஒன்றுமில்லை. மாமியார் எதிர்வீட்டாரிடம் போர்வையின் வெளுத்த ஓரத்தைக் காட்டி, ஆயிரத்தி நானூறு பேரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார் மூக்கர். "எனக்கு மூக்கு..."

"தெரியும்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"காய்ச்சல் விட்ட அன்னைக்குப் பால் பொங்கிக் கருகி, பாத்திரமே ஓட்டையாப் போச்சு. நான் மாடிலேர்ந்து ஓடி வரேன், வீடெல்லாம் ஒரே புகை. நீங்க இதே முக்காலில உக்காந்து பேப்பர் படிச்சிட்டு, இன்னைக்கு என்ன இவ்ளோ பனின்னு கேட்டீங்க."

மூக்கர் குனிந்து முக்காலியைப் பார்த்தார்.

"ஏன் கேக்கல நீ?"

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மறைச்சீங்க. அத எப்படிங்க நான் உடைக்கறது? வெங்காயத்த வெச்சிக்கிட்டு நீங்க அழுதத நான் பாத்தேன். கேட்டிருக்கணும். அது என் தப்புதான். ஆனா அந்த மணியையும் புடுங்கிட்டாங்கன்னு சொன்னப்ப எனக்குத் தூக்கமே போச்சு. உங்க கலர் சட்டையெல்லாம் வெளுத்த ஞாபகம் வந்துச்சு. சரி, உங்க மூக்கு வர்றவரைக்கும் ஒரு துணி மோந்து பாக்கட்டும்னுதான் அந்தக் கீழ்க்கொடில போடச் சொன்னேன்."

இருபத்தேழு வருடமாக ஊரைக் காத்தது தன் மூக்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை வெங்காயம் எதுவும் இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது.

"உங்கிட்டயும் ஒரு பச்சைப் போர்வை இருக்கே. அதுவும் நல்ல அடர்த்தியான நிறம்தானே. அத ஏன் குடுக்கல?"

மனைவி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மாமியாரின் குரல் ஆயிரத்தி நானூறைத் தாண்டிக் குலுக்கலுக்கு வந்திருந்தது.

"அது புதுசுங்க" என்றார் மெதுவாக.